மைக்கேல் வால்சர் போர் அறத்திற்கு வந்த வழி

முதுகலை மாணவி:
வணக்கம். 1961இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்க அரசியல் தத்துவவாதி மைக்கேல் வால்சர் 1965இல் வெளியிட்ட ஆய்வுநூல், பியூரிட்டன்கள் எனப்பட்ட ஆங்கிலேயச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் புரட்சி அரசியலைப் பற்றியது. 1977இலோ போரின் அறத்தை ஆராயும் 'நியாயமான போர்களும் அநியாயமான போர்களும்' என்ற அவருடைய நூல் வருகிறது. இந்தத் திருப்பம் எவ்வாறு நேர்ந்தது? எங்கள் பாடநூல் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

தத்துவ ஆசிரியர்:
காரணம் வியட்நாமில் அமெரிக்கா நடத்திய போர். தாம் இப்பொருளுக்குத் தத்துவவாதியாக அல்லாமல், அப்போரை எதிர்த்த செயற்பாட்டாளராகவே வந்ததாக முன்னுரையில் அவரே கூறுகிறார். ஆக்கிரமிப்பு, படுகொலை என்று கூட்டந்தோறும் முழங்கியவர்களிடம், அச்சொற்களை எந்த அளவுகோலால் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் தெளிவான விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடியே அவர் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைக் கொன்ற மை லாய் படுகொலை, இரண்டாம் உலகப்போரின் ஜெர்மானியத் தளபதி ரோமல், அப்போரில் நாஜிகளின் பிடியிலிருந்த நார்வேயின் கனநீர் ஆலை மீதான தாக்குதல் என்று நிகழ்வு நிகழ்வாக வாதிட்டுச் செல்கிறார். 1980இல் பிரின்ஸ்டனின் உயராய்வு நிறுவனத்திற்குச் சென்ற பின்னரும் 'டிசென்ட்' என்ற இடதுசாரி அரசியல் இதழின் ஆசிரியப் பொறுப்பை விடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதைத் திருப்பம் என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

சட்டத்துறை ஆய்வாளர்:
பேராசிரியர் கூறுவதை ஏற்கிறேன். ஆனால் நூலின் மையக் கருத்து ஒன்று இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. போரைத் தொடங்கிய குற்றம் ஆட்சியாளர்களுடையது, களத்தில் நிற்கும் இருதரப்பு வீரர்களும் அறத்தின் முன் சமமானவர்களே என்றார் வால்சர். அநியாயமான போரில் ஈடுபடும் வீரனுக்கு, தன் நாட்டைக் காத்து நிற்பவனைக் கொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது என்று 2009இல் வெளியான தம் நூலில் தத்துவவாதி ஜெஃப் மக்மகான் கேட்டார். அக்கேள்விக்கு வால்சர் தரப்பு நிறைவான விடை தந்ததாக நான் கருதவில்லை.

முதுகலை மாணவி:
நன்றி, ஐயா. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நகரங்களின் மீதான பிரிட்டிஷ் குண்டுவீச்சை அவர் ஓரளவு ஏற்றுக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

தத்துவ ஆசிரியர்:
நாஜிகளின் வெற்றி நெருங்கிவிட்டதாகத் தோன்றிய தொடக்க ஆண்டுகளுக்கு மட்டுமே பொதுமக்களைத் தாக்கக்கூடாது என்ற விதியிலிருந்து 'உச்ச நெருக்கடி' என்ற விலக்கை அளிக்கிறார். 1945இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர் மீது நடந்த குண்டுவீச்சுக்கு அது பொருந்தாது. விலக்கு பொருந்தும் இடத்திலும் ஆணையிட்டவரின் குற்றம் கழுவப்படுவதில்லை. நன்மைக்காகத் தவறு செய்ய நேரும் அரசியல் தலைவரின் 'கறைபடிந்த கைகள்' பற்றிய அவருடைய 1973ஆம் ஆண்டுக் கட்டுரையில் இவ்வாதத்தின் வித்து இருப்பதால், நூலுக்கு முன் அதைப் படித்துவிடுங்கள், அம்மா.