உறிஞ்சுகுழாய்ப் பயிற்சியில் தொண்டை இறுகுகிறது: எங்கே தவறுகிறேன்?

செந்தூல் ஆசிரியை:
கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். சில மாதங்களாக, மதியம் தாண்டினாலே குரல் கரகரத்து, தேவாரம் பாடும்போது மேல்சுரம் எட்டாமல் போகிறது. குரல்வளையைக் கருவி மூலம் பார்த்த மருத்துவர், குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் உள்ளன, அறுவைக்கு முன் குரல் சிகிச்சையே முதல் வழி என்றார். தண்ணீரில் உறிஞ்சுகுழாயை வைத்து ‘ஊ’ என்று ஒலிக்கும் பயிற்சியைச் சிகிச்சையாளர் தந்தார். வீட்டில் செய்தால் தொண்டை இறுகுகிறது. அடுத்த சந்திப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை வகுப்பில் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு ஓய்வு கிடைக்குமா?

பேச்சுச் சிகிச்சையாளர், செராஸ்:
வணக்கம் ஆசிரியை. குழாயை ஆழமாக முக்குகிறீர்களோ என்று தோன்றுகிறது. நீர் ஆழமாக ஆக எதிரழுத்தமும் கூடும். அதை வெல்லத் தொண்டையை இறுக்கிவிடுவோம். அரைக் குவளை நீரில் குழாயின் முனை 2 செ.மீ. மூழ்கினால் போதும். முதலில் குரலின்றிக் குமிழி மட்டும் விடுங்கள். குமிழி சீராக வந்த பிறகு, அதே மூச்சில் மெல்லிய ‘ஊ’வைச் சேருங்கள். கன்னமும் உதடும் அதிர்வதை உணர வேண்டும். வாய்வழி குறுகும்போது தேங்கும் காற்றழுத்தம் குரல்நாண்களை மேலிருந்து தாங்குவதால், அவை பலமாக மோதிக்கொள்ளாமலே ஒலி பிறக்கிறது. இந்தப் பயிற்சியின் உயிர் அதுதான். ஒரே தடவையில் அரைமணி நேரம் செய்வதைவிட, ஓரிரு நிமிடமாக நாளில் பலமுறை செய்வது நல்லது. வலித்தால் நிறுத்திவிட்டு, சந்திப்பை முன்கூட்டியே கேளுங்கள்.

கிசுகிசுப்பு வேண்டாம். பலருக்கு அப்போது குரல்வளை மேலும் இறுகுகிறது. தாழ்ந்த, இயல்பான குரலே பாதுகாப்பானது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கரகரப்பு நான்கு வாரம் தாண்டினால், பயிற்சிக்கு முன் குரல்வளையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பினாங்கு:
எனக்கும் இதே முடிச்சுகள் இருந்தன, அம்மா. பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் பல வாரங்கள் முன்னேற்றம் தெரியவில்லை, ஏனெனில் மின்விசிறி இரைச்சலுக்கு மேல் நாள் முழுவதும் கத்திக்கொண்டிருந்தேன். இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியை வாங்கிய பிறகே குரல் தெளியத் தொடங்கியது. தொண்டையைக் கனைக்கும் பழக்கத்தையும் விட்டு, கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். மாணவர்களை அழைக்கக் கைதட்டுங்கள்.

செந்தூல் ஆசிரியை:
மிக்க நன்றி. குழாயை ஏறக்குறைய குவளையின் அடிவரை விட்டிருந்தேன். இன்று காலை மேலே உயர்த்திச் செய்தபோது, முதன்முறையாக உதட்டில் அதிர்வை உணர்ந்தேன். ஒலிபெருக்கிக்கு நாளை தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கிறேன்.