வளை வாசலில் தொங்கும் மூடி

கங்காரு வேலி (Kangaroo Valley), நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா:

மண்ணில் வளை தோண்டி வாழும் ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டியான வாம்பட், இரவில் மேயும் பிராணி. நடுப்பகல் வெயிலில் நின்று புல் தின்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். நான் பார்த்த முதல் நோயாளி அப்படித்தான் நின்றது. பத்தடி வரை நெருங்கியும் தலை நிமிரவில்லை. கண்ணைச் சுற்றியும் காதுக்குள்ளும் காய்ந்த சேறு போலப் பொருக்கு ஏறியிருந்தது. விலாவில் முடி உதிர்ந்து, தோல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் ஈ மொய்த்தது. புல்லைக் கறிக்கும் சத்தம் மட்டும் நிற்கவேயில்லை. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நமக்குச் சிரங்கு தரும் அதே இனச் சிற்றுண்ணிதான் இதற்கும் காரணம். ஐரோப்பியர்களோடும் அவர்களுடைய நாய்களோடும் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். வாம்பட்டைப் பிடித்து அடைத்து வைத்தியம் பார்ப்பது எளிதல்ல. இருபத்தைந்து கிலோ எடையுள்ள முரட்டு உடம்பு. பயமே அதைப் பாதி கொன்றுவிடும். அதனால் மருந்தை அதன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறோம்.

வளை வாயில் கம்பிச் சட்டம் ஊன்றி ஒரு பிளாஸ்டிக் தகட்டைத் தொங்கவிடுவோம். அதில் பொருத்திய மூடியில், மாட்டின் முதுகில் ஊற்றுகிற மாக்ஸிடெக்டின் மருந்து இருக்கும். வாம்பட் தகட்டைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது மூடி கவிழ்ந்து முதுகில் கொட்டும். அளவும் அனுமதியும் வனவிலங்கு மீட்புக் குழு சொல்கிறபடிதான். ஆள் இருக்கிற வளை எது என்று அறிய வாசலில் குச்சிகளை நட்டு வைப்போம். காலையில் சாய்ந்து கிடந்தால் உள்ளே குடித்தனம் உண்டு.

மருந்து சிற்றுண்ணியின் முட்டைகளைக் கொல்லாது. ஆகவே வாரம் ஒரு முறை, பல வாரங்கள் ஊற்ற வேண்டும். ஆறாவது வாரம் என் வாம்பட்டின் பொருக்கு உதிர்ந்து, இளம் முடி அரும்பியிருந்தது. குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே விலா மறுபடி சொட்டையானது. ஒரு வாம்பட் ஒரே வளையில் தங்காது. சில நாளுக்கொரு முறை இடம் மாறும். நோயுற்ற இன்னொன்று படுத்து எழுந்த ஈரமண்ணில் சிற்றுண்ணி உயிரோடு காத்திருக்கும். வளைகள் இருக்கும் சரிவு முழுவதையும் விட்டுவிட்டு ஒரு பிராணிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தது என் தவறு.

லான்செஸ்டன், டாஸ்மேனியா:

அக்கா, நீங்கள் சொல்வதை இங்கே பெரிய அளவில் கண்டோம். நரவன்டாபு தேசியப் பூங்காவில் 2010 முதல் 2017 வரைக்குள் வாம்பட்கள் 94 சதவீதம் குறைந்தன. இடையில் வளை வளையாகத் தகடு தொங்கவிட்டும் பார்த்தார்கள். நோய் சிறிது காலம் தணிந்து, பிறகு திரும்பிவிட்டது. சிறு வயதில் அந்தப் புல்வெளியில் வாம்பட்களை எண்ணி மாளாது. பிறகு ஒரு மாலை முழுவதும் காத்திருந்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பினேன். நாய்களின் உண்ணிக்குக் கொடுக்கும் ஃப்ளூராலனர் ஒரே தடவையில் நீண்ட காலம் வேலை செய்வதால், டாஸ்மேனியா பல்கலைக்கழகம் அதை வாம்பட்களிடம் ஆராய்ந்திருக்கிறது. என் நம்பிக்கை அதன்மேல்தான். உங்கள் சரிவில் எத்தனை வளை?

கங்காரு வேலி:

பதினேழு, தம்பி. பதினொன்றில் குச்சி சாய்ந்திருக்கிறது. இந்த முறை பதினொன்றிலும் தகடு தொங்குகிறது. சனிக்கிழமை விடியலில் மூடிகளை நிரப்பப் போகிறேன்.