2,500 ரேண்டுக்கு பழைய ஸ்குவையர் கிட்டார், வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த்_கம்பி:
வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து எழுதறேன். ரெண்டு வருஷமா அக்கூஸ்டிக் தான், வெள்ளிக்கிழமை கோயில் பஜனைல ஹார்மோனியத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு கார்ட் பிடிக்கிற ஆளு. இப்ப எலெக்ட்ரிக் ஆசை வந்துருச்சு, கையில மொத்தமே 5,000 ரேண்ட். பக்கத்துல ஒருத்தர் ஸ்குவையர் புல்லட் ஸ்ட்ராட் 2,500க்கு தர்றேங்கிறார். நேத்து போய் வாசிச்சுப் பாத்தேன், ஆம்ப்ல போட்டதும் ஊஊன்னு ஒரே இரைச்சல், ஜி கம்பிய பெண்ட் பண்ணிட்டு விட்டா சுருதி இறங்கிடுது. இத வாங்கிட்டு மீதிக் காசுல நல்ல பிக்கப் (கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) மாத்திக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் சேத்து புது யமஹா பசிஃபிகா 112 எடுக்கலாமா? ஆம்ப் பிரச்சனையில்ல, மாமா பையன்கிட்ட இருக்கு.

பழைய_ஃப்ரெட்:
தம்பி, பிக்கப்ப விடுங்க. 1954ல ஸ்ட்ராட் வந்த நாள்லருந்து அந்த இரைச்சலும் கூடவே வருது. சிங்கிள் காயில், அதாவது பிக்கப்ல ஒரே சுருள்னா வீட்டுக் கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ இழுக்கத்தான் செய்யும், அதுக்காகத்தான் கிப்சன் கம்பெனில ரெண்டு காயில எதிரெதிரா வெச்சு ஹம்பக்கர் பண்ணாங்க. பிக்கப் மாத்துற ஸ்விட்ச்ச 2வது எடத்துலயும் 4வது எடத்துலயும் வெச்சுக் கேளுங்க, நடு பிக்கப் திருப்பிச் சுத்தினதா இருந்தா இரைச்சல் அமுங்கிடும். கம்பியத் தொட்டும் துளி கூட குறையலன்னா பாடில கம்பி மாட்டுற பிரிட்ஜுக்குப் போற எர்த் ஒயர் விட்டிருக்கு, சால்டரிங் வெச்சா அஞ்சு நிமிஷ வேலை.

ஜி கம்பிக்குக் காரணம் அநேகமா நட், அதாவது நெக்கோட தலைப்பக்கம் கம்பிங்க உக்கார்ற பள்ளம் வெச்ச துண்டு. ட்யூன் பண்றப்ப "டிங்"னு ஒரு சத்தம் வந்து சுருதி சட்டுனு குதிக்குதா? அப்ப கம்பி பள்ளத்துல சிக்குது. கம்பிய லேசா தூக்கிட்டு 2பி பென்சில் முனைய அந்தப் பள்ளத்துல நாலு தடவ தேச்சு விடுங்க. செலவு ஒரு பென்சில்.

ஜோபர்க்_அக்கா:
நெக் ஓரத்துல விரல ஓட்டிப் பாருங்க தம்பி. நான் டர்பன்லருந்து இங்க வேலைக்கு வந்தப்ப கிட்டாரையும் கொண்டு வந்தேன், அங்க கடல் ஈரத்துல சும்மா இருந்தது, இங்க ஜோகன்னஸ்பர்க் ஹைவெல்ட் மேட்டு நிலத்துல குளிர்காலம் காஞ்ச காத்தாச்சே, ஜூலைல நெக் மேல இருக்கற ஃப்ரெட்போர்டு பலகை சுருங்கி, அதுல பதிச்ச ஃப்ரெட் உலோகப் பட்டைங்களோட முனையெல்லாம் ரம்பம் மாதிரி வெளிய நீட்டி கட்டைவிரல் பக்கம் கிழிச்சு ரத்தமே வந்துருச்சு. கடைல குடுத்தேன், மூணு வாரம் வெச்சிருந்துட்டு கம்பி மட்டும் மாத்தித் திருப்பித் தந்தாங்க. அப்புறம் நானே சின்ன அரம் வாங்கி ராவிட்டேன்.

இஸிபிங்கோ_ராக்:
எல்லாரும் பழசையே தூக்கிப் பிடிக்கிறீங்க. நான் பசிஃபிகா 112வி கட்சி. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், டோன் நாப இழுத்தா சிங்கிள் காயிலா மாறும், இரைச்சல் தொல்லை பாதி போச்சு. புல்லட்டுக்கு பாடியே மெலிசு, நாளைக்கு பெரிய ட்ரெமோலோ ப்ளாக் (பிரிட்ஜ ஆட்டி சுருதிய நெளிக்கிற ட்ரெமோலோவோட அடிக்கட்டை) வாங்கி வந்தா உள்ள நுழையாது, பின்னாடி துருத்திகிட்டு நிக்கும்.

பழைய_ஃப்ரெட்:
பசிஃபிகா நல்ல கிட்டார்தான், யாரு இல்லன்னா. ஆனா அவருக்கு ட்ரெமோலோ எதுக்கு, பஜனைலயா ஆட்டப் போறார்? ஃப்ரெட் தேயாம, நெக் முறுக்காம, நெக் வளைவ சரி பண்ற உள் தண்டு ட்ரஸ் ராட் திரும்புற நிலைல இருந்தா வாங்கட்டும். செட்டப் ஒண்ணு பண்ணி, 12வது ஃப்ரெட்ல கம்பி உயரம் 2 மில்லிமீட்டருக்குள்ள கொண்டு வந்தா போதும்.

சாட்ஸ்வொர்த்_கம்பி:
போய்ட்டு வந்துட்டேன் அண்ணே. 4ல வெச்சதும் ஊஊ அமுங்கிடுச்சு. டிங் சத்தமும் வந்துச்சு, பாக்கெட்லருந்து பென்சில எடுத்ததும் அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரி பாத்தார், தேச்சதும் ஜி அப்படியே நிக்குது. அக்கா, முனையெல்லாம் வழவழன்னு இருக்கு. கம்பிதான் உப்புக் காத்துல துருப்புடிச்சு விரலே கருப்பாயிடுச்சு, அதக் காட்டி 2,200க்கு முடிச்சேன். புதுக் கம்பி தடிமன் 9 போடவா 10 போடவா?

பழைய_ஃப்ரெட்:
இப்ப எது இருக்கோ அதே. 9 இருக்கற எடத்துல 10 போட்டா பிரிட்ஜ் தூக்கும், பின்னாடி ஸ்பிரிங்க இறுக்கணும், மறுபடி இங்கதான் வந்து நிப்பீங்க.