கூண்டுக் கதவு திறந்தே கிடக்கு, சொக்கன் வெளியே வரமாட்டேங்குறான்

செல்லூர்க்காரி:
எங்க வீட்டுல ஒரு காக்டீல் இருக்கு. சாம்பல் உடம்பு, மஞ்சள் மூஞ்சி, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. பேரு சொக்கன். (பக்கத்து வீட்டம்மா இன்னும் ‘காக்டெயில்’னுதான் சொல்லுது. திருத்துறதை விட்டுட்டேன்.) பொண்ணு ஆசைப்பட்டு வாங்குனது. ஜூன்ல அவ ஹாஸ்டலுக்குப் போயிட்டா, கிளி என் பொறுப்புன்னு ஆயிப்போச்சு.

அவ இருந்தவரைக்கும் தோள்ல ஏறிக் கம்மலைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். இப்ப ரெண்டு மாசமா கூண்டைத் தாண்டல. தினம் சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவை மேல தூக்கி துணி கிளிப் மாட்டிட்டு ஒரு மணி நேரம் எதிர்ல உக்காந்திருக்கேன். வேர்த்து ஊத்துது. அவன் தலையை நீட்டி அங்கிட்டு இங்கிட்டு பாக்குறான், அப்புறம் மூலையில போய் ஒட்டிக்கிறான். கையை உள்ள விட்டா பாம்பு மாதிரி புஸ்ஸுங்குறான். ஒரு தடவை கிளிப் நழுவி கதவு டமார்னு விழுந்துச்சு, நல்லவேளை அவன் மேல படல. பப்பாளி, கொத்தமல்லி, வேகவச்ச சோளம் எல்லாம் காட்டியாச்சு.

எங்கம்மா காலத்துல கோயில்ல கிளிக்கூட்டு மண்டபத்துல கிளி வளத்தாங்க, அதுக மீனாட்சி பேரைச் சொல்லுமாம். இங்க மீனாட்சி கையில கிளி நிக்குது, என் கையில மட்டும் நிக்க மாட்டேங்குது. பேசாம பிடிச்சு கூண்டுலேர்ந்து வெளியே எடுத்துடலாமா?

லாரிக்காரன்:
டவலைப் போட்டு அமுக்கிப் பிடிச்சு வெளிய எடுத்துட்டு கூண்டை மூடிடுங்க. றெக்கையைக் கொஞ்சம் வெட்டி விடுங்க. ரெண்டே நாள்ல வழிக்கு வரும்.

நொய்யல்கரை:
மேல சொன்னதை மட்டும் செஞ்சுறாதீங்க அக்கா. நான் பன்னெண்டு வருசமா காக்டீல் வளக்கறேனுங்க. மொதல் கிளிக்கு ஆரோ சொன்னாங்கன்னு றெக்கை வெட்டினேன். பறக்கலாம்னு நினைச்சு ஃபிரிட்ஜ் மேல இருந்து குதிச்சது, கல்லாட்டம் விழுந்து நெஞ்சுல தோல் கிழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் கத்திரியைத் தொடலீங்க.

நீங்க ‘கதவு விழுந்துச்சு’ன்னு ஒரே வரியில தாண்டிட்டீங்க. எனக்கு விசயமே அங்கதான் இருக்கறாப்பல தெரியுது. நம்மூர் கூண்டுல பாதி இந்த மேல தூக்குற கதவுதான். அவனுக்கு அது வாசல் இல்லீங்க, தலைக்கு மேல தொங்குற கத்தி. மொதல்ல அந்தத் துணி கிளிப்பைத் தூக்கி வீசுங்க. மேல தூக்கின கதவைக் கட்டுக்கம்பியில ரெண்டு எடத்துல முறுக்கிக் கட்டிடுங்க. கூண்டை ஆட்டினாக்கூட விழக்கூடாது. முன்பக்கம் முழுசாக் கழட்டற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.

ரெண்டாவது, சாயங்காலம். பொழுது சாய்ற நேரத்துல எல்லாக் குருவியும் அடையத்தான் போகும், அப்பப் பாத்து வெளியே வான்னா எப்படிங்க வரும்? போதாததுக்கு நாள் பூரா தின்னு வயிறும் நிறைஞ்சிருக்கும். காலைல தீனிக் கிண்ணம் வைக்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் போதும். அதுக்காகப் பட்டினி போடாதீங்க, மொத்தமே 80-100 கிராம் எடை இருக்கற உசுரு.

கொய்யாக் கிளை ஒண்ணு, கட்டைவிரல் மொத்தத்துல, மருந்தடிக்காத மரமாப் பாத்து ஒடிச்சுட்டு வாங்க. பாதி உள்ள, பாதி வெளிய இருக்கறாப்பல வாசல்ல கட்டுங்க. கம்பி மேல கால் வச்சுக் குனிஞ்சு வர்றதுக்கு அவன் யோசிப்பான், கிளை மேல நடந்தே வந்துருவான். வெளி நுனியில தினைக்கதிர் ஒண்ணைத் தொங்க விடுங்க, பறவைத் தீனி விக்கற கடையில கதிராவே கிடைக்கும். அன்னைக்கு வள்ளி பரண் மேல நின்னு விரட்டினது தினை தின்ன வந்த கிளியை, இன்னைக்கு நாம அதே தினையைக் காட்டிக் கெஞ்சறோம்!

எதிர்ல உக்காந்து முறைக்காதீங்க. ரெண்டு கண்ணும் நேராப் பாத்தா அவனுக்குப் பூனைதான் ஞாபகம் வரும். பக்கவாட்டுல திரும்பி உக்காந்து கீரை ஆயுங்க, வாய்விட்டுப் பேப்பர் படிங்க. கொண்டையைக் கவனிங்க. செங்குத்தா நின்னா மிரண்டிருக்கான், தலையோட படிஞ்சு புஸ்ஸுன்னா கோபம், பாதி சாஞ்சிருந்தா நிம்மதி. கை உள்ள போகவே வேண்டாம். கடையில கையால பிடிச்சுத்தானே அட்டைப் பெட்டியில போட்டிருப்பாங்க, அது மறக்காது.

வெளிய விடுற நேரத்துல அடுப்புல நான்ஸ்டிக் சட்டி காயக்கூடாது. அது அளவுக்கு மேல சூடானா வர்ற புகையே பறவையைக் கொன்னுரும்.

திண்ணைவாசி:
எங்க வீட்டுப் பச்சைக்கிளிக்கும் இது சரி வருமா சார்? மூணு வருஷமா கூண்டுலதான் இருக்கு.

நொய்யல்கரை:
பச்சைக்கிளி வீட்டுல வளக்கவே கூடாதுங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது. காக்டீல் ஆஸ்திரேலியாப் பறவை, நம்ம காட்டுல இல்லாததால அந்தத் தடை இதுக்கு இல்லை. அதுக்காக ஜன்னலைத் திறந்து விட்டுறாதீங்க, மூணு வருசம் கிண்ணத்துல தின்னதுக்கு இரை தேடத் தெரியாது, காக்கா கொத்திரும். வனத்துறையில ஒப்படைச்சிருங்க.

செல்லூர்க்காரி:
தம்பி, பதினாறு நாள் கழிச்சு எழுதுறேன். நீங்க சொன்னப்புறம்தான் உறைச்சுச்சு, கதவு விழுந்தது பொண்ணு கிளம்பின அதே வாரம். நான் பாட்டுக்கு அவளை நினைச்சு ஏங்குறான்னு இருந்துட்டேன்.

கதவைக் கட்டியாச்சு, கிளையையும் வச்சாச்சு. நாலு நாள் கிளைப் பக்கமே போகல, கொண்டை ஆணி மாதிரி நின்னுச்சு. அப்புறம் உள்பக்கத்துப் பாதியில உக்காந்து பட்டையை உரிக்க ஆரம்பிச்சான். ஒன்பதாம் நாள் கதிரோட நுனியைக் கடிச்சு உள்ள இழுத்துக்கிட்டே ஓடிட்டான், திருட்டுப்பய. நான் சிரிச்சுட்டேன், அதுக்கு ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டான்.

நேத்து காலைல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன், அவன் பக்கம் திரும்பவே இல்ல. டக் டக்னு நகச் சத்தம். கிளை நுனி வரைக்கும் வந்து, முறத்து விளிம்புல குதிச்சு, ஒரு ஈர்க்கைத் தூக்கி இலையை ஒவ்வொண்ணா உருவினான். நான் மூச்சு விடல. என் கண்ணாடி வளையலை ஒரு கொத்து கொத்திப் பாத்தான். கை மேல ஏறல. அவனா திரும்பிப் போய் உள்ள உக்காந்து றெக்கையைக் கோதிக்கிட்டான்.

ஒரு சந்தேகம். முறத்துலயே எச்சம் போட்டுட்டான். கழுவிட்டு அரிசி புடைக்கலாமா?

நொய்யல்கரை:
வேண்டாமுங்க அக்கா. அந்த முறத்தை அவனுக்கே விட்டுருங்க, நீங்க புதுசு வாங்கிக்கங்க.