வீட்டில் மிக்சிங் செய்பவருக்குக் காசு கொடுக்கும் ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

கும்பகோணத்துக்காரன்:
பத்தடிக்குப் பத்தடி அறையில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், ஐந்து அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு ஹெட்போன் வைத்து மிக்சிங் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் ஒன்றாகக் கலப்பது), மாஸ்டரிங் (கலந்த பாட்டை வெளியீட்டுக்கு மெருகேற்றுவது) செய்கிறேன். நண்பர்களுக்குச் செய்து கொடுத்தால் பாராட்டு வருகிறது, பணம் வருவதில்லை. வெளிநாட்டு ஃப்ரீலான்ஸ் தளங்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அறையில் அளவாகக் கேட்கும் பாஸ் (தாழ்ந்த ஒலி), காரில் போட்டால் குமுறுகிறது. எதை முதலில் சரிசெய்வது?

மதுரை ஒலிமேசை:
முதலில் அறை, தம்பி. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் நிலை அலை எழும், அதாவது அந்தத் தாழ்ந்த ஒலி சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் மறைந்தும் கேட்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் உங்களுக்கு அது இரட்டிப்புத் தொல்லை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த ஒலி காதில் விழாது. விழவில்லையே என்று ஏற்றிவைப்பீர்கள். நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடிக்குள் கொண்டு வாருங்கள். மூலைகளில் தடித்த ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் கல்நார்ப் பஞ்சு போன்ற கனிமக் கம்பளி) நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண், தாழ்ந்த ஒலியை அது தடுக்காது.

ஆட்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள். ஆடிக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு. மாலை போடுவதற்கு முன்பே பாட்டு யூடியூபில் ஏறியாக வேண்டும், ஆகவே புரட்டாசியிலேயே போய்ப் பாருங்கள். பாடகரைத் தேடி அலைய வேண்டாம். டிராக் (பாட்டுக்கான பின்னணி இசை) போட்டுக் கொடுக்கும் கீபோர்டுக்காரரைப் பிடியுங்கள். எழுதியவர், பாடுபவர், பணம் போடுபவர் எல்லோரும் அவரிடம்தான் முதலில் வருகிறார்கள்.

கும்பகோணத்துக்காரன்:
நன்றி அண்ணா. அப்படி ஒருவர் மாதிரிக்கு ஓர் அம்மன் பாட்டு கொடுத்திருக்கிறார். தவில், பம்பை, உடுக்கை மூன்றும் உண்டு. எப்படிக் கையாள்வது?

மதுரை ஒலிமேசை:
அந்தப் பாட்டைப் பெரும்பாலோர் கைபேசியில்தான் கேட்பார்கள். அதன் சிறிய ஸ்பீக்கரில் தவிலின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) முழக்கம் ஏறக்குறைய காணாமல் போகும். பாஸை ஏற்றிப் பயனில்லை. தொப்பிக்கு லேசாக சாச்சுரேஷன் (ஒலியை மெல்லச் சிதைக்கும் விளைவு) கொடுங்கள், மேல் சுரங்கள் பிறந்து முழக்கம் இருப்பதைக் காது உணரும். குச்சி தோலில் படும் அடியை 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்குங்கள். உடுக்கை குரலோடு மோதும், அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓரமாகத் தள்ளுங்கள். பிறகு மோனோவில் (இடம், வலம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த ஒலி) போட்டுப் பாருங்கள். கோயில் பந்தலில் பெரும்பாலும் மோனோதான். அகலம் காட்டும் பிளக்இன் (மென்பொருளில் சேர்க்கும் கருவி) போட்ட கோரஸ் அங்கே பாதியாகக் கரைந்துவிடும். கைபேசியில் சாமியின் பெயர் ஒவ்வொரு முறையும் தெளிவாக விழுந்தால் அந்தக் கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டையும் உங்களிடம்தான் தருவார்.

நாகர்கோவில் ஸ்டூடியோ:
மேலே சொன்னது அத்தனையும் சரி. பணத்தில் மட்டும் கூச்சம் வேண்டாம். பாதி முன்பணம் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள். திருத்தம் இரண்டு முறை, அதற்குமேல் தனிக் கட்டணம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். சரிபார்க்க எம்பி3 போதும். 24 பிட் வேவ் கோப்பு மீதித்தொகை வந்த பிறகு.