கோமஸ் என்ற பழைய பிரிட்டிஷ் குழுவை இங்கே யாராவது கேட்டிருக்கிறீர்களா?

மழைக்கால_ரேடியோ:

ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபத்தின் ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இங்கேயே கேட்கிறேன். அவர்களுடைய ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ (1998) ஆல்பத்தின் பெயரே ஒரு பழைய பாட்டின் வரியிலிருந்து எடுத்தது என்று படித்தேன், அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தேன். ‘ட்ரிப் ட்ரிப்’, குழுவின் பெயர் கோமஸ், ஆல்பம் ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’, 1971. கிட்டத்தட்ட பதினோரு நிமிடப் பாட்டு. ட்ரம்ஸ் செட் கிடையாது, டிஸ்டார்ஷன் கிடையாது, அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், கையால் தட்டும் மேளம், பேஸ், இவ்வளவுதான். ஆனால் நான் கேட்டிருக்கிற பாதி மெட்டல் ஆல்பங்களைவிட இது பயமுறுத்துகிறது, அந்த ஆள் பாடுகிற விதம் இரண்டு நாளாகக் காதைவிட்டுப் போகவில்லை.

இப்படி ஒரு குழு எப்படிக் காணாமல் போனது? வேறு என்ன செய்தார்கள்? இரண்டாவது ஆல்பம் சுமார் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள், அது உண்மையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.


தட்டுக்காரர்:

விரிவாகவே எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த குழு.

லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் ப்ராம்லியில் ஓவியக் கல்லூரி மாணவர்களாக இருந்த ரோஜர் வூட்டனும் க்ளென் கோரிங்கும் ஆரம்பித்தது. இவர்களை ‘ஃபோக்’ என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கோபம். இரண்டு பேரும் முதலில் சேர்ந்து வாசித்தது வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகளை. கிராமத்துப் பாட்டுகளைத் தேடித் தொகுத்த கூட்டம் இல்லை இது. ராக்கின் மூர்க்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் கழற்றி வைத்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு திரும்பக் கேளுங்கள், வேறு மாதிரி கேட்கும்.

அப்புறம் வயலினுக்குக் காலின் பியர்சன், பேஸுக்கு ஆண்டி ஹெலபி, புல்லாங்குழலும் ஓபோவும் ராப் யங், பாட பாபி வாட்சன் என்று ஆறு பேரானார்கள். பக்கத்து ஊரான பெக்கன்ஹாமில் ‘த்ரீ டன்ஸ்’ என்ற மதுக்கூடத்தில் டேவிட் போவி ‘ஆர்ட்ஸ் லேப்’ நடத்திக்கொண்டிருந்த காலம் அது, இவர்கள் அங்கே அடிக்கடி வாசித்தார்கள். 1969 நவம்பரில் லண்டனின் பர்செல் ரூம் அரங்கில் போவியின் கச்சேரிக்கு முன்னால் வாசித்ததும் இவர்கள்தான்.

ஏன் காணாமல் போனார்கள் என்றால், வெளியான நேரம் ஒரு காரணம். ‘ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்’ வந்தது பை நிறுவனத்தின் டான் லேபிளில். 1970இல் ‘இன் த சம்மர்டைம்’ பாட்டால் உலகம் முழுக்க விற்றுத் தள்ளிய மங்கோ ஜெர்ரியும் அதே லேபிள், தயாரிப்பாளரும் அதே பேரி மர்ரே. கோமஸ் தட்டு வெளிவந்த 1971 தொடக்கத்தில் பிரிட்டனில் தபால் ஊழியர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். விற்பனை படுத்ததற்கு எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். ஓரளவு சரிதான், ஆனால் தபால் ஓடியிருந்தாலும் இதை எந்த ரேடியோவில் போட்டிருப்பார்கள்? கொலை, துரத்தல், மனநோய் விடுதியில் மின்அதிர்ச்சி, இதுதான் பாடுபொருள். அட்டைப்படமே வூட்டன் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தது, எலும்பும் நரம்பும் முறுக்கிக்கொண்டு கிடக்கிற ஒரு நிர்வாண உருவம். ‘இன் த சம்மர்டைம்’ வாங்க வந்தவர் இதைக் கையில் எடுப்பாரா? 1972இல் குழு கலைந்துவிட்டது.


வயலின்தோழி:

நான் வயலின் வாசிப்பவள், அதனால் பியர்சனைப் பற்றி இரண்டு வார்த்தை. அதே ஆல்பத்தின் ‘டயானா’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது, மேளம் விடாமல் அடிக்கிறது, அதன்மேல் வயலின் வரும்போது இழைந்து வருவதே இல்லை, வில்லை அழுத்திப் பிடித்து நரம்பின் கரகரப்பு வெளியே தெரியும்படி இழுக்கிறார். வகுப்பில் நான் அப்படி இழுத்தால் வாத்தியார் வில்லைப் பிடுங்கிவிடுவார். இங்கே அந்தக் கரகரப்புதான் பாட்டு. துரத்துகிறவனின் மூச்சும் துரத்தப்படுகிறவளின் பயமும் அந்த ஒரே வயலினுக்குள் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் ‘த ஹெரால்ட்’. பன்னிரண்டு நிமிடம், பெரும்பகுதி பாபி வாட்சனின் குரல், ஓபோ, நடுவில் கிட்டார்கள் மட்டும் நிதானமாகப் பின்னிக்கொண்டே போகும் ஒரு நீண்ட பகுதி. பயங்கரம் ஒன்றும் நடக்காது. ஆல்பத்தில் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், மற்ற பாட்டுகள் அவ்வளவு உறைப்பாகத் தெரிவதற்கு இது நடுவில் இருப்பதுதான் காரணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்கள்மீது நடக்கும் வன்முறைதான் இந்த ஆல்பத்தில் பல பாட்டுகளின் கதை. குழுவின் பெயர் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘கோமஸ்’ என்ற 1634ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. காட்டில் வழிதவறிய பெண்ணை கோமஸ் மயக்கிப் பிடிக்கப் பார்ப்பான், அங்கே அவள் தப்பிவிடுவாள். ‘சாங் டு கோமஸ்’ பாட்டில் தப்புவதில்லை. ‘ட்ரிப் ட்ரிப்’பில் பேசுகிறவனே கொலைகாரன், பிணத்தைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகிறான், ஓபத் ஆல்பத்துக்குப் பெயரான வரி அங்கேதான் வருகிறது. வூட்டன் இதை வீரமாகப் பாடவில்லை, கேட்கிறவருக்கு அருவருப்பு வரும்படிதான் பாடுகிறார் என்று நான் நினைக்கிறேன், அதனால்தான் என்னால் கேட்க முடிகிறது. என் தோழி ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டாள், அவள் செய்ததும் நியாயம்தான். யாருக்காவது பரிந்துரைக்கும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.


சாரங்_2009:

ஓபத் 2009இல் ஐஐடி மெட்ராஸின் சாரங் கலை விழாவுக்கு வந்தபோது கூட்டத்தில் நின்றவன் நான், என் பெயரைப் பார்த்தாலே தெரியும். அவர்களின் ‘கோஸ்ட் ரெவரீஸ்’ ஆல்பத்தில் ‘த பேயிங் ஆஃப் த ஹவுண்ட்ஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அந்தப் பெயரும் கோமஸின் ‘டயானா’விலிருந்துதான். ஓபத்துக்கு முன்பே 1990இல் கரண்ட் 93 என்ற பிரிட்டிஷ் குழு ‘டயானா’வைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதாவது தட்டு விற்காவிட்டாலும் இசைக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மழைக்கால_ரேடியோ, உங்களுக்குப் பிடிக்கப்போகிற பகுதி இதுதான். 2008இல் ஸ்வீடனில் ஒரு கப்பலில் ‘மெல்லோபோட்’ என்ற இசை விழா நடந்தது. ஓபத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் போன்ற ரசிகர்கள் விடாமல் கேட்டதால் முப்பது வருடத்துக்கும் மேல் மேடை ஏறாதவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பழைய ஆறு பேரில் ராப் யங் மட்டும் வரவில்லை, அவர் இடத்தில் ஜான் சீக்ரோட். அந்தக் கச்சேரி ‘ஈஸ்ட் ஆஃப் ஸ்வீடன்’ என்று ஆல்பமாக வந்திருக்கிறது. வயதான குரல்கள்தான், ஆனால் ‘டயானா’ ஆரம்பிக்கும்போது ஒரு தளர்ச்சியும் தெரியாது. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ பாட்டையும் வாசித்தார்கள், தட்டுக்காரர் சொன்ன ஆரம்பக் கதைக்கு அதுவே சாட்சி.

2012இல் ‘அவுட் ஆஃப் த கோமா’ வந்தது. புதிய பாட்டுகள் மூன்று, கூடவே ‘த மால்கார்ட் ஸ்வீட்’. முதல் ஆல்பத்துக்குப் பிறகு எழுதி, ஸ்டூடியோவில் பதியாமலே போன நீண்ட படைப்பு, பழைய மேடைப் பதிவு ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒலி மங்கல்தான். ஆனாலும் ஒரு குழு அடுத்து எங்கே போகவிருந்தது என்று நம் காதாலேயே கேட்க முடிவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?


மழைக்கால_ரேடியோ:

எல்லோருக்கும் நன்றி. வயலின்தோழி சொன்ன பிறகு ‘த ஹெரால்ட்’டைத் தனியாகப் போட்டுக் கேட்டேன், நடுவில் வரும் கிட்டார் பகுதி அபாரம். சரி, இரண்டாவது ஆல்பம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?


தட்டுக்காரர்:

‘டு கீப் ஃப்ரம் க்ரையிங்’, 1974, வர்ஜின். அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால் வூட்டனும் பாபியும் ஹெலபியும் திரும்ப வந்தார்கள், கீபோர்டு சேர்ந்தது, ட்ரம்ஸ் சேர்ந்தது. ஹென்றி கௌ குழுவின் லிண்ட்சி கூப்பர் பசூன் வாசித்தார், காங் குழுவின் டிடியே மாலெர்ப் சாக்ஸபோன். ஆள்பலம் பெரிதுதான், ஆனால் ட்ரம்ஸ் வந்ததுமே அந்தப் பதற்றம் போய்விட்டது. முதல் ஆல்பத்தில் தாளத்தைக் கட்டிப் பிடிக்க ஆள் இல்லாததால் ஆறு பேரும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், எந்த நொடியில் சரியும் என்று நமக்குத் திக்திக்கென்று இருக்கும். இரண்டாவதில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. என்னால் அதை முழுதாக ரசிக்க முடியவில்லை.


வயலின்தோழி:

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறீர்கள் சார். பாபி வாட்சனின் குரலுக்காகவே அதைக் கேட்கலாம், அதில் அவருக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது. முதல் ஆல்பம் கேட்ட சூட்டோடு போடாதீர்கள், ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள். வேறு குழுவின் ஆல்பம் என்று நினைத்துக் கேட்டால் நன்றாகவே இருக்கும்.


சாரங்_2009:

வாங்குவதாக இருந்தால் 2005இல் வந்த ‘சாங் டு கோமஸ்’ என்ற இரட்டை சிடி தொகுப்பைத் தேடுங்கள். இரண்டு ஆல்பங்களும் அதிலேயே இருக்கின்றன, ‘டயானா’ சிங்கிளோடு 1971இல் வந்த இரண்டு பாட்டுகளும் உண்டு. அசல் டான் தட்டை ஏலத் தளங்களில் பார்த்து ஆசைப்படாதீர்கள், விலை நமக்குக் கட்டுப்படியாகாது. இதே காலத்தில் வந்தவற்றில் மெலோ கேண்டிலின் ‘ஸ்வாட்லிங் சாங்ஸ்’ (1972), ஸ்பைரோஜைராவின் ‘பெல்ஸ், பூட்ஸ் அண்ட் ஷாம்பிள்ஸ்’ (1973) இரண்டும் கேளுங்கள். கோமஸ் அளவுக்குப் பயமுறுத்தாது, ஆனால் இரண்டிலும் பாடும் பெண்குரல்கள் பிரமாதம்.