சடையன் ஆருக்கு?

ரதி: எல்லாருக்கும் வணக்கம். அம்மான்ர 31ஆம் நாள் காரியம் வாற ஞாயிறு. கல்வெட்டை, அதுதான் அம்மான்ர நினைவுப் புத்தகத்தை, இண்டைக்கு இரவே அச்சுக்குக் குடுக்கவேணும். கடைசிப் பக்கத்துக்கு என்ன போடுறது எண்டு இன்னும் முடிவில்லை.

ரதி: [படம்: பழைய நாய்ப் பொம்மை]

ரதி: இது அம்மான்ர சூட்கேசுக்குள்ள இருந்தது. கூறைச்சீலைக்குள்ள சுத்தி வச்சிருக்கிறா.

மாலா: ஐயோ சடையன் 😭

சிவா: டூகல்! இன்னும் இருக்கோ

குமரன்: மச்சாள் இது பொல்லுக்ஸ் எல்லோ. பிரெஞ்சுக்காரன்ர நாய்

சிவா: பிபிசி நாயடா

குமரன்: பாரிஸில ஆரையும் கேட்டுப் பார்

ஈசன்: ரெண்டு பேர் சொல்லுறதும் சரி. 1964ல பிரான்சில செர்ஜ் டானோ எண்டவர் எடுத்த டிவிப் பொம்மைப் படத்தில வாற நாய் இது. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சு அசைச்சுப் படம் பிடிக்கிறது. ஒரு குடைராட்டினம், அதைச் சுத்தி ஒரு சின்னப் பிள்ளையும் மிருகங்களும். அடுத்த வருசமே பிபிசி வாங்கி ‘மேஜிக் ரவுண்டபவுட்’ எண்டு போட்டது. எழுதினவர் எரிக் தொம்சன், நடிகை எம்மா தொம்சன்ர தேப்பன். அவர் மொழிபெயர்க்கேல்லை. படத்தை மட்டும் பாத்து, தானே புதுக்கதை எழுதி, தானே வாசிச்சவர். பொல்லுக்ஸ் டூகல் ஆச்சு. சின்னப் பிள்ளை மார்கொட் புளோரன்ஸ், நத்தை அம்புறுவாஸ் பிறையன், பசுமாடு அசலே எர்மின்ரூட், ஸ்பிரிங்கில துள்ளுற செபுலோன் செபடி. இன்னும் இருக்கு, எழுதுறன்.

மாலா: அண்ணா சின்னனா எழுதுங்கோ, கண் தெரியேல்லை

சிவா: மாமா டிக்கெட் எடுத்தாச்சோ?

ஈசன்: 1977 வரைக்கும் போனது. பின்னேர நியூசுக்கு முந்தி 5 நிமிசம். ஒருக்கா நேரத்தை முன்னுக்குத் தள்ளிவிட, வேலையால வாற பெரிய ஆக்கள்தான் பிபிசிக்குச் சண்டைக்குப் போனவை.

சிவா: டிக்கெட்?

குமரன்: இன்னொண்டு. பிரெஞ்சில அந்த நாய் இங்கிலீசுக்காரன் கதைக்கிற மாதிரித்தான் பிரெஞ்சு கதைக்கும். என்ர மனுசி கிரெஷ்ல, பிள்ளையள் பராமரிப்பு இடத்தில, சொன்னவ

சிவா: அப்ப எங்கட நாய்தான் 😄

ரதி: சண்டையை விடுங்கோ. கடைசிப் பக்கம்?

மாலா: பிள்ளை நான் சொல்லுறன் கேள். 74ல நான் நேர்சிங் படிக்க வந்து உங்கட மேல் அறையில இருந்தனான். சிவா கைக்குழந்தை. அவன் எழும்பிப்போடுவான் எண்டு அக்கா டிவியின்ர சத்தத்தை அடியோட குறைச்சிடுவா. பிறகு உன்னை மடியில வச்சுக்கொண்டு படத்தைப் பாத்துப் பாத்துத் தமிழில கதை சொல்லுவா. நாய் சடையன், மாடு லட்சுமி, ஸ்பிரிங்காரன் துள்ளல் மாமா. சடையனுக்குச் சீனிக்கட்டி எண்டால் உயிர். அக்கா தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில ரெண்டு கட்டி வைப்பா, நீ நாய்க்குத் தீத்துவாய்.

ஈசன்: தொம்சனும் உதைத்தானே செய்தவர்

ரதி: சித்தி எனக்கு இது தெரியாது. டிவியிலயே தமிழில சொன்னது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

ரதி: ஒரு கண் போய், சட்டைப் பொத்தான் தைச்சிருக்கு. நீல நூல்.

மாலா: அது அத்தானின்ர வேலைச் சட்டைப் பொத்தான். நான்தான் வெட்டிக் குடுத்தனான், பேச்சும் வாங்கினனான்

குமரன்: ரதி மச்சாள், ஊர்க் காணி உறுதியும் அந்தச் சூட்கேசுக்குள்ளதானே?

ரதி: குமரன், இண்டைக்கு அது வேண்டாம்.

குமரன்: அப்பா கேக்கச் சொன்னவர்

சிவா: 31 முடியட்டும்

ஈசன்: நானும் 75ல ஆறு மாதம் அந்த வீட்டில இருந்தனான். வேலை இல்லை, ராத்திரி நித்திரை இல்லை. செபடி ஒவ்வொரு நாளும் முடிவில வந்து ‘டைம் ஃபார் பெட்’ எண்டுவார். அக்கா என்ர கதவில தட்டிப்போட்டு, அதே மாதிரி “பொயிங்! படுக்கிற நேரம் தம்பி” எண்டு சொல்லீற்றுப் போவா. எனக்கு அப்ப 24 வயசு.

மாலா: 😭

ரதி: மாமா, இதையே போடட்டோ? சடையன்ர படம், கீழ “படுக்கிற நேரம்”?

சிவா: ஐயர் என்ன சொல்லுவாரோ

மாலா: தேவாரம் கட்டாயம் வேணும். சடையன் சின்னனா ஒரு மூலையில

குமரன்: நல்லாயிருக்கு மச்சாள்

ரதி: 10 மணிக்கு அனுப்பிறன். பிழை இருந்தால் அதுக்குள்ள சொல்லுங்கோ. சடையன் ஆருக்கு?

சிவா: என்ர மகளுக்கு

மாலா: பொத்தான் வெட்டினது நான்

ரதி: ஞாயிறு வந்து கதைப்பம்.

சிவா: மண்டபத்தில வடைக்கு எத்தனை பேர் எண்டு கேக்கினம். 120 சொல்லட்டோ?

மாலா: 150 சொல்லு. போனமுறை காணாமப் போச்சு

ஈசன்: டிக்கெட் எடுத்திட்டன். சனி விடிய ஹீத்ரோ. செத்தவீட்டுக்கு வராதது பிழைதான். ஆரும் ஏத்த வருவியளோ?

சிவா: நான் வாறன் மாமா. எத்தனையாம் டேர்மினல்?